அவையும் நூலும்: புத்தகத் திருவிழா மேடையில் புனைவல்லா எழுத்தாளர்

முன்னுரை

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தில் விதுரா ஊராட்சியைச் சார்ந்த மலையடிவாரச் சிற்றூர் கல்லாறு. பொன்முடி மலைக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்த பின்னரே இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறத் தொடங்குவர். பொன்முடி மலைத்தொடரிலிருந்து இறங்கி வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் கல்லாற்றின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. படுகை முழுவதும் உருண்டைக் கற்கள் நிறைந்திருத்தலின் இப்பெயர் வெளிப்படையான காரணப் பெயர் என்பதில் ஐயமில்லை. இதனைச் சூழ்ந்த காடுகளில் காணிக்காரர் எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். அவர்தம் பேச்சு தமிழுக்கும் மலையாளத்திற்கும் நெருங்கிய உறவுடையது. காணி மக்கள் குமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வாழ்தலின் அவர்களைப் பற்றிய ஆய்வு தமிழாய்வின் எல்லைக்குள்ளும் அடங்குவதாகும்.

இச்சிற்றூரை முன்வைத்து, இன்று இரு மாநிலங்களிலும் பெருகிவரும் புத்தகத் திருவிழாக்களில் புனைவல்லா எழுத்தாளர் ஆற்றும் உரை என்னும் நிகழ்வின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். வரலாறு, அறிவியல், இனவரைவியல், சூழலியல், நாட்டார் வழக்காறு முதலிய துறைகளில் நூல் எழுதுவோரை ஈண்டுப் 'புனைவல்லா எழுத்தாளர்' என்னும் தொடர் குறிக்கும். கதையாசிரியர் தம் கதைமாந்தருக்கு விடை சொல்லும் கடப்பாடு உடையவரல்லர். உண்மையான ஊரையும் உண்மையான மக்களையும் பற்றி எழுதுவோர் அக்கடப்பாட்டிலிருந்து தப்ப இயலாது. எழுதப்பட்டோர் எழுந்து வினவுவதற்கு வாய்ப்புள்ள இடம் மேடையே. அவ்வாய்ப்பு எக்காலத்தில் இருந்தது, எக்காலத்தில் குறைந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

அரங்கேற்றம் என்னும் மரபு

நூலாசிரியர் அவையில் தோன்றித் தம் நூலை எடுத்துரைக்கும் வழக்கம் தமிழுக்குப் புதியதன்று. தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகத் தொன்மையான நூலாகிய தொல்காப்பியமே புனைவல்லாத நூலாகும். பனம்பாரனார் பாடிய அதன் சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து அதங்கோட்டாசானுக்குக் குற்றமற எடுத்துரைக்கப்பட்டது எனத் தெரிவிக்கின்றது. அதங்கோடு என்னும் ஊர் இன்றைய குமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் உள்ளதே என்பது அப்பகுதியில் வழங்கிவரும் நம்பிக்கை. 1956 நவம்பர் முதல் நாள் வரை அவ்வட்டம் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ஆட்சியின் கீழ் இருந்தது என்பதும் கருதத்தக்கது.

இப்பாயிரச் செய்தியை வரலாற்று நிகழ்ச்சி எனக் கொள்வதா, மரபுவழிச் செய்தி எனக் கொள்வதா என்பது ஒருபுறம் இருக்க, அதில் அடங்கியுள்ள கோட்பாடு தெளிவானது. நூல் செய்தவர் மட்டும் அதன் தகுதிக்குச் சான்றாகார். கேட்டுத் தடை எழுப்பும் ஒருவர் வேண்டும். இறையனார் களவியல் உரை கூறும் கதையும் இக்கருத்துடையதே. பல புலவர் உரைத்த உரைகளுள் மெய்யுரை யாது என்பதைக் காட்டியவர் உருத்திரசன்மர் என்னும் வாய்பேசாச் சிறுவர். மெய்யுரை கேட்ட இடத்து அவர் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்த்தார் என்பது அக்கதை. பேச வல்லாரைக் காட்டிலும் பேச இயலாத கேட்போர் உரையின் மெய்ம்மையை அறியக்கூடும் என்னும் எண்ணம் அதில் பொதிந்துள்ளது.

எனினும் அரங்கேற்ற அவை கற்றோர் அவை. அரசனும் புலவரும் அமர்ந்த அவ்வவையில் நூல் யாரைப் பற்றியதோ அவர்க்கு இடம் இருந்ததாகத் தெரியவில்லை. இவ்வெல்லை பின்வந்த காலத்திலும் நெடுநாள் நீடித்தது.

சபைகளும் கல்லூரிகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவையின் இடத்தைச் சபையும் கல்லூரியும் எடுத்துக்கொண்டன. திருவனந்தபுரத்தில் பொது நூலகம் 1829-இலேயே தோன்றியது. இந்தியாவின் மிகப் பழைய பொது நூலகங்களுள் ஒன்றாகிய அது, இன்று மாநில மைய நூலகமாக விளங்குகின்றது. அந்நகரின் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ.சுந்தரம் பிள்ளை (1855–1897), 'மனோன்மணீயம்' நாடகத்தால் பெரிதும் அறியப்படுகிறார். அவரது ஆய்வுப்பணி அதற்குக் குறைந்ததன்று. திருஞானசம்பந்தர் காலத்தை வரையறுத்ததும், திருவிதாங்கூர்ப் பகுதிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து வேணாட்டு மன்னர் வரலாற்றை எழுதியதும் அவர்தம் புனைவல்லா எழுத்தின் விளைவுகள். அவர் 1885-இல் திருவனந்தபுரத்தில் நிறுவிய சைவப் பிரகாச சபை, தமிழில் சமயமும் இலக்கியமும் பேசுதற்குரிய களமாக அமைந்தது.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையையும் (1876–1954) இவ்வரிசையில் வைத்து நோக்கவேண்டும். திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியில் பணியாற்றிய அவர், கவிஞராகப் புகழ்பெற்றமையால் அவரது கல்வெட்டாய்வு மறைந்துபோயிற்று. 'காந்தளூர்ச் சாலை' பற்றி அவர் எழுதிய நூல் முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் வரும் ஒரு தொடரின் பொருளை ஆராய்வது. அத்தொடரில் வரும் கலம் மரக்கலமா, உண்கலமா, வேறொன்றா என அறிஞர் நெடுங்காலம் விவாதித்தனர். காந்தளூரை இந்நகரின் வலியசாலைப் பகுதியோடு இணைத்துப் பேசும் கருத்தும் உண்டு. ஒரு தெருவின் பெயரே ஆய்வுப் பொருளாகும்போது அத்தெருவினர் அவ்வாய்வைக் கேட்கும் ஆர்வம் கொள்வர் என்பது சொல்லாமலே விளங்கும்.

தமிழ்நாட்டில் உ.வே.சாமிநாதையர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1927-இல் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 'சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்' என்னும் நூலாக 1929-இல் வெளிவந்தன. அக்காலத்தில் பேச்சு நூலாயிற்று என்பதற்கு இது தக்க சான்று. இன்றைய திருவிழா மேடையில் நூல் பேச்சாகின்றது. பேச்சு மீண்டும் நூலாவது அரிது. இவ்வேறுபாடு பின்னர் விரிவாக நோக்கப்பெறும்.

நூலக இயக்கமும் ஊர்ப்பொதுவும்

கற்றோர் அவையை ஊர்ப்பொது அவையாக மாற்றியது நூலக இயக்கமே. தஞ்சை மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியில் 1931-இல் எஸ்.வி.கனகசபைப் பிள்ளை முயற்சியால் மாட்டுவண்டி நூலகம் ஓடத் தொடங்கியது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.இரங்கநாதன் தம் நூலகவியல் ஐந்து விதிகளை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வாசகர் நூலைத் தேடி வருதல் என்னும் நிலை மாறி நூல் வாசகரைத் தேடிச் செல்லுதல் என்னும் நிலை உருவாயிற்று.

திருவிதாங்கூரில் இவ்வியக்கம் மேலும் ஆழமாக வேரூன்றியது. பள்ளி ஆசிரியராகிய பி.என்.பணிக்கர் (1909–1995) தம் ஊரான நீலம்பேரூரில் 1926-இல் சனாதன தர்மம் நூலகத்தைத் தொடங்கினார். 1945-இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களின் பேராளர்களைக் கூட்டித் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை அமைத்தார். கேரள மாநிலம் உருவான பின்னர் அது கேரள கிரந்தசாலை சங்கமாக விரிந்தது. 1975-இல் யுனெஸ்கோ அமைப்பின் குரூப்ஸ்கயா விருது அதற்குக் கிடைத்தது. 1977-இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மாநில நூலகக் கவுன்சில் அமைந்தது. பணிக்கர் மறைந்த நாளாகிய ஜூன் 19, 1996 முதல் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. நம் ஆய்வுக்குத் தேவையானது அதன் உள்ளமைப்பாகும். ஊர் வாசகசாலையை நடத்துவோர் ஊர் மக்களே. அதன் ஆண்டுவிழாவிற்கு வெளியூரிலிருந்து அழைக்கப்படும் பேச்சாளர் பெரும்பாலும் ஆசிரியர், அறிவியலார், வரலாற்றறிஞர் ஆகியோருள் ஒருவர். அவர் பேச்சைக் கேட்போர் மறுநாள் அதே கட்டடத்தில் அவர் நூலை இரவல் பெறலாம். நூலும் பேச்சும் கேட்போரும் ஒரே கூரையின் கீழ் அமைந்தமையால் பேச்சில் பிழை நேரின் அதனை நூலோடு ஒப்பிட்டுக் காணவும், நூலில் பிழை நேரின் பேச்சாளரிடமே வினவவும் இயன்றது. மாவட்ட நூலகக் கவுன்சில்கள் நடத்தும் புத்தகோற்சவங்களில் இப்பழைய அமைப்பின் தொடர்ச்சியைக் காணலாம். அங்கு முதன்மையான நுகர்வோர் தனியொருவர் அல்லர். மானியத் தொகையைக் கொண்டு தம் ஊர்க்கு நூல் தேர்ந்தெடுக்க வரும் வாசகசாலைப் பொறுப்பாளர்.

எழுத்தாளர் நடந்து வந்த காலம்

புனைவல்லா எழுத்தாளர் தாமே ஓர் இயக்கமாகத் திரண்ட நிகழ்ச்சி 1962-இல் கோழிக்கோட்டில் நடந்தது. மலையாளத்தில் அறிவியல் எழுதுவோர் சிலர் கூடிக் கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தினை நிறுவினர். தொடக்கத்தில் அது எழுத்தாளர் சங்கமே. தாய்மொழியில் அறிவியல் நூல்களும் 'சாஸ்திரகதி', 'யுரேகா' போன்ற இதழ்களும் வெளியிடுவது அதன் பணி. எழுதியவை மட்டும் போதா, ஊர்தோறும் சென்று பேசவேண்டும் என்னும் எண்ணம் படிப்படியாக வலுப்பெற்றது. 1980-இல் தொடங்கிய அறிவியல் கலைப்பயணம் அதன் உச்சநிலை எனலாம். பாட்டும் நாடகமும் பேச்சும் கொண்ட குழு ஊர் ஊராகச் சென்றது. நுழைவுக் கட்டணம் இல்லை. வரவேற்கும் ஊரார் பரிஷத்து நூல்களை விற்றுத் தருதலே பயணச் செலவுக்கு வழியாயிற்று. புத்தக விற்பனையும் பேச்சும் ஊர்க்கூட்டமும் ஒன்றாய் இணைந்த இந்நிகழ்வைப் பெயரிடப்படாத புத்தகத் திருவிழா எனக் கொள்வதில் தவறில்லை.

இதே 1980-இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோன்றியது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, தமிழ்நாட்டில் புதுக்கோட்டை முதலிய மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் பரவியது. புதிதாக எழுத்தறிந்தோர்க்கு நூல் எழுதவேண்டிய தேவை அப்போது எழுந்தது. எழுதியவரே தெருவில் நின்று அதனைப் படித்துக் காட்டினார். விளங்காத சொல்லைக் கேட்போர் முகமே சுட்டிக் காட்டிற்று. உருத்திரசன்மர் கதை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் நிகழ்ந்தது போன்றதே இது.

திருவிழாவின் தோற்றம்

இன்று நாம் காணும் புத்தகத் திருவிழா வேறொரு மூலத்தையும் உடையது. அது வணிகம் சார்ந்தது. தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் 1976-இல் தொடங்கப்பெற்று, 1977-இல் சென்னை அண்ணா சாலையிலுள்ள மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் தன் முதற் கண்காட்சியை நடத்தியது. 'கண்காட்சி' என்னும் அன்றைய சொல்லே அதன் இயல்பைக் காட்டும். காட்சிக்கு நூல் வைக்கப்பட்டது. பேச்சு பின்னர் சேர்ந்தது. நெய்வேலியில் 1998 முதல் நடைபெறும் விழா நகரிய மக்களின் விழாவாக வளர்ந்தது.

ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005-இல் தொடங்கிய திருவிழா ஒரு திருப்பம் எனலாம். பதிப்பாளர் சங்கம் அல்லாத ஊர் அமைப்பொன்று அதனை நடத்தியது. அதன் தலைவர் த.ஸ்டாலின் குணசேகரன், 'விடுதலை வேள்வியில் தமிழகம்' என்னும் பெருந்தொகுப்பின் ஆசிரியர். அதாவது அவரே ஒரு புனைவல்லா எழுத்தாளர். மாணவர்க்கு உண்டியல் தந்து, ஆண்டு முழுவதும் சேர்த்த காசைக் கொண்டு திருவிழாவில் நூல் வாங்கச் செய்தது அவ்வமைப்பின் திட்டங்களுள் ஒன்று. 'கண்காட்சி' என்னும் சொல் 'திருவிழா' என்று மாறியது. தேர், கொடியேற்றம், கூட்டம், குடும்பத்தோடு செல்லுதல் ஆகிய அனைத்தையும் நினைவூட்டும் அச்சொல் மக்களிடம் எளிதில் பற்றிக்கொண்டது. 2022-க்குப் பின் தமிழக அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்த நிதி ஒதுக்கியது. கேரளத்தில் 2023 ஜனவரியில் சட்டமன்ற நூலகத்தின் நூற்றாண்டையொட்டித் திருவனந்தபுரம் சட்டமன்ற வளாகத்திலேயே பன்னாட்டுப் புத்தக விழா நடந்தது. பொதுமக்கள் நுழைவதற்குக் கட்டுப்பாடுள்ள வளாகம் வாசகர்க்குத் திறக்கப்பட்டது என்பது அதன் சிறப்பு.

இத்திருவிழாக்களால் புனைவல்லா எழுத்துக்கு விளைந்த நன்மை பெரிது. தொ.பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' (1997), ஆ.இரா.வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000) போன்ற நூல்கள் பல்கலைக்கழகத்திற்கு வெளியே வாசகரைப் பெற்றுள்ளன. உப்பும் எண்ணெயும் காப்பியும் வரலாற்றுக்குரிய பொருள்கள் என்பதைப் பொதுவாசகர் ஏற்றுக்கொண்டனர். அத்தகைய வாசகரை ஆய்வாளரோடு ஒரே திடலில் சேர்த்தது திருவிழாவே. நூறு பேர் அமரும் கருத்தரங்க அறையில் கிடைக்காத செவிகள் திருவிழா மேடையின்முன் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன.

மேடை உயர்ந்ததும் வினா குறைந்ததும்

நன்மையைக் கூறிய பின்னர் இழப்பையும் கூறுதல் ஆய்வுநெறி. திருவிழா மாலைக் கூட்டத்தின் அமைப்பை நோக்குக. வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை என நிகழ்ச்சி நிரல் ஓடும். பேச்சாளர் உயர்ந்த மேடையில் நிற்பார். கேட்போர் திடலில் அமர்ந்திருப்பர். ஒலிபெருக்கி ஒரு திசையில் மட்டுமே செல்லும். பட்டிமன்றத்திற்கும் நகைச்சுவைப் பேச்சுக்கும் உரிய அதே மேடையில் வரலாற்றாசிரியரும் பேசவேண்டியிருத்தலின், சான்றைக் காட்டிலும் கைதட்டலுக்குரிய தொடர் முன்னிற்கும் நிலை சில வேளைகளில் ஏற்படுகின்றது. 'கருதப்படுகின்றது' என நூலில் எழுதியவர் மேடையில் 'உறுதியாகிவிட்டது' என்று கூறிவிடுவதும் உண்டு. நூலில் அடிக்குறிப்பாக நின்ற ஐயம் பேச்சில் மறைந்துவிடுகின்றது.

வாசகசாலை ஆண்டுவிழாவில் இருந்த வினாநேரம் திருவிழா நிரலில் அருகிவிட்டது. இதனைத் திருவிழா நடத்துவோர் குறை எனல் பொருந்தாது. ஆயிரம் பேர் கூடிய திடலில் ஒவ்வொருவர் வினாவுக்கும் இடமளித்தல் எளிதன்று. ஆயினும் அதங்கோட்டாசான் இல்லாத அரங்கேற்றமாக அது ஆகிவிடுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. கேள்வியின்றிப் போவதால் யாருக்கு இழப்பு என்பதைக் கல்லாறு காட்டும்.

கல்லாறு காட்டும் உண்மை

காணிக்காரரைப் பற்றி அச்சில் வந்த செய்திகள் பல. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் அவர்கள் இடம்பெற்றனர். எல்.ஏ.கிருஷ்ண ஐயர் 1937-இல் வெளியிடத் தொடங்கிய திருவிதாங்கூர்ப் பழங்குடிகள் பற்றிய நூலும் அவர்களை விவரித்தது. அந்நூல்களில் காணிக்காரர் செய்தியின் ஊற்றாக இருந்தனரேயன்றி ஆசிரியராகவோ அவையினராகவோ இருந்திலர்.

இதற்கு மாறான பழைய எடுத்துக்காட்டு ஒன்று கேரளத்திலேயே உண்டு. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரு தொகுதிகளாக அச்சான 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' என்னும் மூலிகைநூலின் முதற்றொகுதியில், செய்தி தந்த வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரும் அவரே அளித்த சான்றுரையும் அச்சிடப்பட்டன. டச்சுக்காரராகிய வான் ரீடின் பெயரால் வழங்கும் நூலில் உள்ளூர் வைத்தியரின் பெயர் நிலைத்தது. லத்தீன் மொழியிலமைந்த அந்நூலைக் கா.சு.மணிலால் ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. பதினேழாம் நூற்றாண்டில் இயன்றது இருபதாம் நூற்றாண்டில் இயலாமற்போனது எண்ணத்தக்கது.

1987-இல் நிகழ்ந்தது மேலும் கூர்ந்து நோக்கற்பாலது. அகத்தியமலைப் பகுதியில் ஆய்வுப்பயணம் சென்ற அறிவியலார், வழிகாட்டிகளாக உடன்வந்த காணிக்காரர் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். வற்புறுத்திக் கேட்ட பின்னரே அச்செடி காட்டப்பட்டது. அதுவே 'ஆரோக்கியப்பச்சை'. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அதனைக் கொண்டு 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. அதனைத் தயாரிக்கும் உரிமையைக் கோயம்புத்தூர் மருந்து நிறுவனமொன்றுக்கு 1995-இல் ஏழாண்டுகளுக்கு அளித்தது. உரிமத்தொகை 10 லட்சம் ரூபாய். விற்பனையில் உரிமைப்பங்கு 2 விழுக்காடு. இவற்றில் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, அதனைப் பெறுதற்கு 1997-இல் அறக்கட்டளை ஒன்று பதிவாயிற்று. பயன்பகிர்வுக்கு உலகளவில் முன்மாதிரியாக இந்நிகழ்வு பேசப்பட்டது.

ஆனால் காணி மக்கள் அனைவரும் ஒரே குரலில் பேசவில்லை. வழிகாட்டிகள் குற்றிச்சல் பகுதியைச் சார்ந்தவர்கள். கல்லாற்றை உள்ளடக்கிய விதுராவும் அண்டையிலுள்ள பெரிங்கமலையும் சார்ந்த மரபு வைத்தியர் சிலர், தம் அறிவு தனியார் நிறுவனங்களுக்கு விற்கப்படுவதை எதிர்த்து 1995-இல் முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினர். தங்களைக் கேட்கவில்லை என்பதே அப்பகுதியினரின் குறை. அக்கடிதத்தை அரங்கேற்ற அவையில் எழுந்த தடையாகவே கொள்ளலாம். பேசுதற்கு அவை இல்லாதபோது தடை கடிதமாக உருக்கொண்டது.

எழுதப்பட்டோரே பேசுவோராக மாறிய நிகழ்வும் கல்லாற்றிலேயே உண்டு. பொன்முடிக் காட்டில் கல்லாறு மொட்டமூட்டில் வாழ்ந்த காணி வைத்தியர் லட்சுமிக்குட்டி, நூற்றுக்கணக்கான மருந்துமுறைகளை நினைவிலிருந்தே கூறவல்லவர். 1995-இல் மாநில அரசின் நாட்டு வைத்திய ரத்ன விருதையும் 2018-இல் பத்மஸ்ரீ விருதையும் பெற்றார். கேரள நாட்டார் வழக்காற்றியல் கழகத்தில் பாடம் நடத்தினார், பல இடங்களுக்கு அழைக்கப்பட்டு உரையாற்றினார், கவிதை பாடினார். பழங்குடிப் பண்பாட்டையும் காட்டையும் பற்றிய அவர் எழுத்துகள் மலையாளத்தில் அச்சேறின. ஆகவே அவரை 'மூலிகைப் பாட்டி' என வியந்து விலகிச் செல்லாமல், புனைவல்லா எழுத்தாளர் என்னும் வரிசையில் வைத்து எண்ணுதல் வேண்டும். 1909-இலும் 1937-இலும் செய்தி தந்தவராக மட்டும் நின்ற ஒரு சமூகம், ஆசிரியராக மேடையேறியதற்கு அவர் சான்று.

தகவலாளி என்னும் சொல்

இக்கட்டுரையாளர் தம் பட்டறிவு ஒன்றை ஈண்டுக் குறிப்பிட விரும்புகின்றார். முனைவர்ப்பட்ட ஆய்வின்போது காணிக்காரரின் சாற்றுப்பாட்டுகள் சிலவற்றைத் திரட்டியதுண்டு. நோய் தீர்க்கும் சடங்கில் கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி இசைத்துப் பாடப்பெறுவன அவை. சில ஆண்டுகளுக்குப் பின் மலையடிவார வாசகசாலை ஒன்றின் புத்தக விழாவில் அவ்வாய்வு பற்றிப் பேச அழைப்பு வந்தது. நாற்பது பேர் இருந்திருப்பர். பேச்சு முடிந்ததும் பின்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "சாரே, இந்தப் பாட்டு சொல்லித் தந்த ஆளோட பேரு அந்தப் புஸ்தகத்தில் உண்டோ?" என்று கேட்டார்.

ஆய்வேட்டின் பின்னிணைப்பில் 'தகவலாளி 4, ஆண், அகவை 70' என்று மட்டுமே இருந்தது. ஆய்வுநெறிக்கு அதுவே உகந்தது எனக் கற்பிக்கப்பட்டிருந்தது. முதியவருக்கு விடை சொல்ல இயலவில்லை. அவர் சினக்கவும் இல்லை. "அவர் என்ற அம்மாவன். மரிச்சுப் போயி" என்று கூறி அமர்ந்துவிட்டார். தாய்மாமன் பாடிய பாட்டு நூலில் இருக்கின்றது, பாடியவர் இல்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்காத வினாவை அவர் கேட்டார். பெயரை மறைத்தல் சில சூழல்களில் காப்பாகும் என்பது உண்மையே. ஆனால் மறைக்கவேண்டுமா என அவரிடம் கேட்கப்படவில்லை என்பதும் உண்மை. ஆயிரம் பேர் கூடும் பெருமேடையில் இவ்வுரை நிகழ்ந்திருப்பின் கைதட்டல் கிடைத்திருக்கும், அவ்வினா கிடைத்திராது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. புத்தகத் திருவிழாவில் புனைவல்லா எழுத்தாளர் உரையாற்றுதல் புதிய வழக்கமன்று. அரங்கேற்றம், சபைச் சொற்பொழிவு, வாசகசாலை ஆண்டுவிழா, அறிவியல் பயணம் ஆகிய நான்கின் வழித்தோன்றலாக அது அமைகின்றது.

2. இம்மரபு நெடுகிலும் கேட்போர் தொகை பெருகியுள்ளது. தடை எழுப்பும் உரிமை அதற்கேற்பப் பெருகவில்லை. வாசகசாலைக் காலத்தில் உயர்ந்திருந்த அது, பெருந்திருவிழாக் காலத்தில் தாழ்ந்துள்ளது.

3. யாரைப் பற்றி நூல் எழுதப்பட்டதோ அவர்கள் அவையில் இருத்தல் புனைவல்லா நூலின் மெய்ம்மைக்கு இன்றியமையாதது. கல்லாற்றுப் பகுதியின் வரலாறு இதனை உறுதிப்படுத்துகின்றது.

4. திருவிழாக் குழுக்கள் பெருமேடையோடு, ஐம்பது பேர் அமரும் சிற்றரங்கு ஒன்றையும் அமைத்து, அங்கு நூலாசிரியரும் நூலுக்குச் செய்தி தந்த ஊராரும் எதிரெதிர் அமர வழிசெய்தல் நலம். அவ்வுரையாடலைப் பதிவுசெய்து அச்சிடும் பொறுப்பைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஏற்கலாம். 1927-இன் சொற்பொழிவுகள் இன்றும் நம் கையில் இருப்பது அவை அச்சானமையாலேயே.

அம்முதியவர் கேட்ட வினாவுக்குரிய விடை காலம் தாழ்ந்தே கிடைத்தது. அவர் குடும்பத்தாரின் இசைவோடு, அச்சாகவிருக்கும் நூலில் பாடகர் பெயர் பாட்டின் தலைப்பிலேயே இடம்பெறுகின்றது. அந்நூல் வெளிவரின் அதனை அதே வாசகசாலையில், அதே பின்வரிசையினர்முன் படித்துக் காட்டுதலே முறையான அரங்கேற்றமாகும்.